கூரைக்குள் ஆறு பேர்

ஹோனியாரா நகர வரைபட அலுவலகத்தில் ஜெமைமா தோவாத்தாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேலை. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தகரக் கூரைகளைச் சுற்றிக் கோடு போடுவாள். மக்கள்தொகைக் கணக்கில் ஒரு வட்டாரத்துக்குக் கிடைத்த ஆள் எண்ணிக்கையைக் கணினி கூரை கூரையாகப் பிரித்துக் கொடுக்கும். குடிநீர்க் குழாய் எங்கே வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அவள் தம்பி ஆலிக்குக்குத் துறைமுகத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மனைவி ரூபினாவையும் நான்கு பிள்ளைகளையும் சொந்தத் தீவான மலைத்தாவுக்குத் தனக்கு முன்னதாக மோட்டார் படகில் ஏற்றிவிட்டான். நடுக்கடலில் காற்று பிடித்துக்கொண்டது. ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஆலிக் குடியிருக்கும் மலைச்சரிவின் வரைபடம் அவள் மேசைக்கு வந்தது. அவன் கூரைமேல் ஆறு என்று விழுந்திருந்தது. கூரையின் அளவை வைத்துக் கணினி போட்ட சராசரிதான். அதிகாரி ஹட்லி வேறு ஆளை அனுப்பிச் சரிபார்க்கலாம் என்றார். ஜெமைமா தானே போனாள்.

ஆலிக் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேலருந்து பாத்தா ஆறு பேருன்னா தெரியுது?"

"கூரை பெருசுடா. அதான்."

"அப்ப இருந்துட்டுப் போகட்டுமே அக்கா. ஊரே அவங்க இல்லைன்னு சொல்லுது. உன் படமாவது இருக்காங்கன்னு சொல்லட்டும்."

ஆள் கணக்குப்படிதான் தண்ணீர் வரும், தப்பாக இருந்தால் இன்னொரு தெருவுக்குக் குறைந்துவிடும் என்று அவள் எடுத்துச் சொன்னாள்.

"தண்ணியப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்றான் அவன்.

அலுவலகம் திரும்பி ஆறை ஒன்றாக மாற்றினாள். அன்றிலிருந்து ஆலிக் அவளோடு பேசவில்லை. தேவாலயத்திலும் தள்ளியே உட்கார்ந்தான்.

ஈஸ்டர் கழிந்து ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து நின்றான். படத்தைப் பார்க்கணும் என்றான். அவள் பெரிதாக்கிக் காட்டினாள். கூரை, தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடியில் ஏதோ வெளுப்பாக.

"இது எப்ப எடுத்தது?"

"போன ஆகஸ்ட். காலையில."

"அப்ப எல்லாரும் உள்ளதான் இருந்திருப்பாங்க, இல்ல?"

படத்தின் மூலையில் தேதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் குடும்பமே ஆராதனையில் இருந்திருக்கும். ஜெமைமாவும் பக்கத்தில்தான் இருந்திருப்பாள். தேதியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஆமாடா. உள்ளதான் இருந்திருப்பாங்க."

ஆலிக் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.