நான் பிடித்தது சிவப்பனைத்தான்

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பாறையில் வெறுங்காலோடு நின்றால் சூடு முழங்கால்வரை ஏறும். காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நார்த்தாமலைக்குத் தெற்கே இருந்தது அந்தப் பாறை. நான் எப்போதுமே ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். அந்தச் சூட்டிலும் அசையாமல் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் பாறை ஓணான். பெட்டை கல்லின் நிறத்திலேயே இருக்கும், கிடப்பதே தெரியாது. ஆணோ அந்த வெயில் மாதங்களில் முதுகு சிவந்து, விலா கறுத்து, மாப்பிள்ளை மாதிரி உச்சியில் நிற்கும். அதை "செவப்பன்" என்போம்.

ஆடு மேய்க்கும் பையன்கள் மேலே சுனைவரை போவார்கள். பெண்பிள்ளைகள் கீழே குட்டிகளுக்குக் காவல். சுனைத் தண்ணீர் பல் கூசும், அல்லி பூத்துக் கிடக்கும் என்று அவர்கள் வந்து சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளாது. நானும் வருவேன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"செவப்பன உசுரோட புடிச்சாந்து காட்டு புள்ள, அப்பறம் வா" என்றான் என் அத்தை மகன் கருப்பையா. அவன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன்.

மூன்று நாள் அலைந்தேன். ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டு, பாறையோடு பாறையாகக் குப்புறக் கிடந்து, நாலாம் நாள் ஒரு செவப்பன் கழுத்தில் மாட்டிவிட்டேன். செக்கச்செவேல் என்று இருந்தது, சத்தியம். ஓலைப்பெட்டியில் போட்டு மூடி, ஓட்டமாய் ஓடி, எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது.

"அடேய், பெட்டையப் புடிச்சாந்துட்டு செவப்பன்ங்குறாடா!" என்று கருப்பையா சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்று முதல் எனக்கு "புளுகுணி" என்று பெயர். மேலே ஏறவும் விடவில்லை. பிறகு அந்தக் கருப்பையாவையே கட்டிக்கொண்டேன், அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

போன மாதம், காலேஜில் படிக்கும் என் பேத்தி சொன்னாள்: பயந்தால் இந்த ஓணானில் ஆணின் சிவப்பு சட்டென்று வடிந்துவிடுமாம். நேரே அவரிடம் போனேன்.

"கேட்டீங்களா? நான் புடிச்சது செவப்பன்தான்."

வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார், "அன்னைக்கே தெரியுமே. நாங்க எத்தன புடிச்சிருப்போம்."

"பெறகு எதுக்குச் சிரிச்சீங்க?"

"ஒன்னைய விட்டா எங்களுக்கு முந்தி ஏறிருவ."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு சுனையைப் பார்க்கக் கிளம்பினேன், அவரும் பின்னாலேயே வந்தார். பாதி வழியில் கம்பிவேலி. அதற்கப்பால் குவாரிப் பள்ளம்தான், பாறை இல்லை.

"சுனை எங்கிட்டு இருந்துச்சு?" என்றேன்.

"அந்தா, அங்கிட்டு" என்று கையை உயர்த்தி வெறும் ஆகாயத்தைக் காட்டினார்.