இடப்பக்கமாக ஒரு சுற்று

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் ஒரு முனியப்பன் இருந்தார். சிலை என்று சொல்ல முடியாது. எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கல், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு வேல், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர் அங்கே இருந்தார் என்பதால் மைதானம் அவரைச் சுற்றி அமைந்தது. சுண்ணாம்புக் கோடு இழுத்து ஓட்டத்தடம் வரைந்தவர்களும் அவரை நடுவில் விட்டே வரைந்தார்கள். அதில் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நடுவில் சாமி இருக்கும்போது எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று கேட்பவர் யார்? சாமி வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலமாகவே ஓடினோம்.

நான் சொல்வது நாமக்கல் பக்கத்தில் நான் பள்ளியின் கடைசி வகுப்புகளான ஐந்தாம் ஃபாரமும் ஆறாம் ஃபாரமும் படித்த இரண்டு வருஷங்கள். யுத்தம் இன்னும் வரவில்லை. என் அத்தை மகனும் என் வகுப்புத்தான். என்னைவிடச் சில மாதங்கள் இளையவன். ஆகவே நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்பிள்ளை. சேந்தமங்கலத்திலிருந்து ஒரே சைக்கிளில் இருவரும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு பள்ளிக்கு வருவோம். மேட்டில் அவன் மிதிப்பான். இறக்கத்தில் நான் மிதிப்பேன். அந்த ஏற்பாட்டை அவன் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

தடத்தை ஒருமுறை சுற்றி முடிக்கும் கால் மைல் ஓட்டத்தில் எங்கள் பள்ளியில் அவனைத் தொட ஆளில்லை. ஐந்தாம் ஃபாரம் படிக்கும்போது, பள்ளியிலிருந்து முதல்முறையாக ஜில்லாப் பந்தயத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சேலத்து மைதானத்தில் அவன் கோட்டில் குனிந்து நின்றான். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் கையை ஆட்டி, "எல்லோரும் இடப்பக்கம் திரும்பி ஓட வேண்டும்" என்றார். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் எங்கள் டிரில் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவரும் எங்கள் மைதானத்தைத் தவிர வேறு மைதானம் பார்த்ததில்லை.

துப்பாக்கி வெடித்தது. நேரான பகுதிகளில் அவன் மற்றவர்களை எட்டிப் பிடித்தான். வளைவு வந்ததும் வெளியே வெளியே போனான். யாரோ தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதுபோல இருந்தது. கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். "மூச்சு பத்தலைங்க" என்று வாத்தியார் எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. மூச்சுப் பற்றாதவன் நேர்ப்பாதையில் எப்படி எட்டிப் பிடிப்பான்?

அந்தத் தோல்வி வெறும் விளையாட்டுத் தோல்வி அல்ல. சேலத்துக் கல்லூரி ஒன்றில், ஜில்லாவில் முதலாவதாக வரும் பையனைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு விடுதியில் சாப்பாடும் போடுவார்கள். என் அத்தை கணவரை இழந்தவள். அத்தையின் கொழுந்தனார், அதாவது அவனுடைய சித்தப்பா, ஆத்தூரில் ஓர் அரிசி ஆலையில் பங்காளி. ஆலையில் மூட்டைக் கணக்குப் பார்க்க வீட்டு ஆள் ஒருவன் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாம் ஃபாரம் முடிவதற்குள் ஜெயித்தால் கல்லூரி, தோற்றால் ஆத்தூர். அவனுக்கோ புத்தகத்தின்மேல் அப்படி ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. ஆனால் ஆலைக்குள் ஒருமுறை போய்விட்டு வந்தவன், "அங்க காத்தே இல்ல மச்சான், தவுடுதான் இருக்குது" என்றான்.

அடுத்த மார்கழி முடிவில் அத்தை வீட்டுக் களத்தில் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்களைப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சுற்றி வரச் செய்வது வழக்கம். உள்பக்கத்து மாடு சின்ன அடி வைக்கும். வெளிப்பக்கத்து மாடு எட்டி நடக்கும். அறுப்புக்காக ஆத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா அப்போது சாப்பிடப் போயிருந்தார். என்ன தோன்றியதோ, என் மாப்பிள்ளை மாடுகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஓட்டினான். எப்போதும் உள்ளே நடக்கும் மாடு இப்போது வெளியே. அதற்கு எட்டி நடக்கத் தெரியவில்லை. வெளியே நடந்து பழகியது உள்ளே வந்தும் வீசி நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, களத்தை விட்டு வெளியேறி, சோளத்தட்டைக் குவித்திருந்த போரில் போய் முட்டி நின்றன.

அவன் தும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடுகளையே பார்த்தான்.

"மச்சான், போன வருசம் சேலத்துல நான் ஓடுனது இப்படித்தான் இருந்துச்சா?"

"இதவிட மோசம். மாடு போருக்குப் பக்கத்துலயாவது போய் நின்னுச்சு."

அவன் சிரிக்கவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தான். வலமாகவே ஓடி ஓடி அவனுடைய வலது கால் உள்பக்கத்து மாடாகவும் இடது கால் வெளிப்பக்கத்து மாடாகவும் ஆகிவிட்டிருந்தன. அன்று சாயங்காலம் முழுவதும் அதையே பேசினோம். செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. பள்ளி மைதானத்தில் இடப்பக்கமாக ஓடிப் பழக வேண்டும்.

அத்தையிடம் சொன்னோம். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"எடப்பக்கமாவா? அந்தச் சாமியச் சுத்தியா? அது எளவுக்குச் சுத்தறதுடா. உங்கொப்பனுக்குக் கொடந் தூக்கிட்டுச் சுத்துனயே, அது பத்தாதா உனக்கு?"

மறுநாள் சைக்கிளில் போகும்போது அவன் பின்னாலிருந்து சொன்னான்:

"சேலத்துல அந்தாளு எடப்பக்கம்னு கையக் காட்டுனதும் எனக்கு அந்தக் கொடந்தான் மச்சான் நெனப்பு வந்துச்சு. வளைவுல திரும்பறப்பத் தோள்மேல தண்ணி ஒழுகற மாதிரியே இருந்துச்சு."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் போயிற்று. அதுவரை மாட்டுக் கணக்கே போதும் என்று நினைத்திருந்தேன். காலில் இருந்த பழக்கமா, தோளில் இருந்த குடமா, எது அவனை வெளியே தள்ளியது? அவனுக்கும் தெரியவில்லை. அன்று கேட்டுக்கொண்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பிற்காலத்தில், உலகம் ஏன் இடப்பக்கமாக ஓடுகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் எங்களைப்போல வலமாகவே ஓடியிருக்கிறார்கள். பிறகு மாற்றிவிட்டார்கள். ஏன் என்பதற்கு ஒருவர் இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்கிறார். இன்னொருவர் வலது கால் பலமுள்ளது என்கிறார். யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அத்தைக்கு இருந்த உறுதி அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அத்தை ஒரு வழி சொன்னாள். முனியப்பனிடமே பூ கேட்பது. வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் செய்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தால் சிவப்பு.

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க" என்றேன்.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி என்ன உங்க வாத்தியாரா, அழுது கேட்டா மார்க்கு ஏத்திப் போட?"

திரும்பி வரும் வழியில் நான் அத்தையிடம் வக்கீல்போல வாதாடினேன். முனியப்பன் தன்னைச் சுற்றக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். இடப்பக்கமாக ஓடவே கூடாது என்று சொல்லவில்லையே. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள்.

"அப்ப நடுவுல ஒண்ணுமே இல்லாத எடமாப் பாத்து ஓடச் சொல்லு."

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்துப்போனதால் ஏரி வெடித்துக் கிடந்தது. அதன் உள்ளே மண் கெட்டியான ஓர் இடம் பார்த்துச் சாம்பலால் வட்டம் போட்டோம். நான் நடுவில் நின்று, அவன் கோட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் கத்தினேன். இரண்டாம் நாள் அத்தை கரைமேல் வந்து நின்று பார்த்தாள். பார்த்தவள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"அடே, நடுவுல நீயா நிக்கிறே? அவன் சுத்தறது உன்னையல்லோ! மொதல்ல வெளிய வா சாமி, என்ற அண்ணனுக்கு நீ ஒரே பையன்!"

அன்று முதல் நான் வட்டத்துக்கு வெளியே நின்றுதான் கத்தினேன்.

முதலில் அவன் ஓடியது பார்க்கச் சகிக்காது. சொந்தக் கால்கள் மாறிப்போனவன்போலத் தடுமாறினான். கணுக்கால் வீங்கியது. பிறகு வலது கையைக் கொஞ்சம் அகலமாக வீசினால் உடம்பு தானே உள்ளே சாய்கிறது என்று கண்டுபிடித்தான். ஒருநாள் காலை வளைவில் அவன் காலடிகள் சாம்பல் கோட்டை ஒட்டியே விழுந்திருந்தன. நான் குனிந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தேன். ஓரிடத்திலும் விலகவில்லை. "கொடம்?" என்று கேட்டேன். "தெரியல மச்சான். இங்க யாரும் பாக்கலயே" என்றான்.

மாசியில் பந்தயம். அத்தையும் சித்தப்பாவும் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். தோற்றால் அப்படியே ஆத்தூருக்கு அழைத்துப்போய் நாலு நாள் ஆலைக் கணக்கைப் பழக்கிவிட்டு வரலாம் என்பது சித்தப்பாவின் எண்ணம். அவனுடைய வேட்டி சட்டைகளைத் தனியாக ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. கால் மைல் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டதும் அத்தை என் கையைப் பிடித்தாள்.

"நடுவுல என்னடா இருக்குது?"

நான் எட்டிப் பார்த்தேன். தடத்தின் நடுவில் ஒரு புளியமரம். வெயிலுக்காக அதன் நிழலில் நாற்காலிகள் போட்டு ஜில்லாக் கலெக்டரான வெள்ளைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள்.

"சாமி ஒண்ணும் இல்லீங்க அத்தை. தொரதான் உக்காந்திருக்காரு."

"தொரையா?" அத்தை முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அப்பச் சரி. ஓடட்டும்."

பக்கத்தில் நின்ற கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டதும், "வேகமாச் சுத்தச் சொல்லுங்கம்மா" என்றார். நான் கோட்டருகே ஓடிப்போய் என் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவன் குனிந்த நிலையிலேயே சிரித்துவிட்டான். கையில் துப்பாக்கி வைத்திருந்தவர் அதட்டினார்.

வெடித்தது. முதல் வளைவில் நான் அவன் தோளையே பார்த்தேன். உள்பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் பனைமரம்போல உயரமாயிருந்த சேலத்துப் பையன் ஒருவன் முன்னால் போனான். போன வருஷம் ஜெயித்தவன் அவன்தான். கடைசி வளைவில் அந்தப் பையன் மூச்சு வாங்கிக் கொஞ்சம் வெளியே ஒதுங்கினான். அவனுக்கும் கோட்டுக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் இடம் கிடைத்தது. என் மாப்பிள்ளை அதற்குள் நுழைந்தான். போன வருஷம் அவனை வெளியே தள்ளிய அதே வளைவில், இந்த வருஷம் அவன் உள்ளேயிருந்து வெளிவந்தபோது அவனுக்கு முன்னால் யாருமில்லை. நாடாவை நெஞ்சால் அறுத்தவன் நிற்கத் தெரியாமல் கூட்டத்துக்குள் ஓடி, ஒரு மோர்க்காரியின் பானைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அத்தை போய் அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி கண்ணு. ஒரு சுத்து வலமா நடந்துட்டு வந்துரு."

"எதுக்கும்மா? தொரைக்குத்தான ஆகாது?"

"தொரைக்கு ஆகாதது தொரையோட போகட்டும். உன்ற மேல ஒட்டுனது கழிய வேண்டாமா?"

அவன் மறுக்கவில்லை. இருவரும் தடத்தில் இறங்கி வலமாக நடக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஓட்டத்துக்குக் கோட்டில் நின்ற பையன்கள் விழித்தார்கள். வெள்ளைக் காற்சட்டைக்காரர் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புளியமரத்தடியில் கலெக்டர் இதைத் தமக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலும். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். கூட்டம் கைதட்டியது. கதர்ச்சட்டைக்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இதற்கிடையில் கல்லூரியிலிருந்து வந்தவர் மேஜைக்குப் பின்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜெயித்த பையன் எங்கே என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். நான் ஓடிப்போய், இதோ பாதிச் சுற்றில் இருக்கிறான், நடுவில் நிற்கக்கூடாது, தயவு செய்து இருங்கள் என்றேன். அவர் தடத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பேனாவின் மூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். "மெதுவா வரட்டும்ப்பா. எங்க அம்மாவும் இப்படித்தான்" என்றார்.

அவன் வந்து தன் பெயரையும் இறந்துபோன தகப்பனார் பெயரையும் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தையும் அவனும் தூங்கிவிட்டார்கள். சித்தப்பா அவனுடைய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். ராசிபுரம் தாண்டியதும் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, நீ கணக்கு நல்லாப் போடுவியாமே?"

"சுமாராப் போடுவேனுங்க."

"சுமாராப் போட்டாப் போதும். நாளைக்கு ஊட்டுக்கு வாரேன், உங்கொப்பன்கிட்டப் பேசறேன்."

என் அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. ஆனி மாதம் என் மாப்பிள்ளை சேலத்துக்குப் போனான். அதே வாரம் நான் ஆத்தூர் பஸ் ஏறினேன்.