மோட்டர் சுருதியில் பாடிய ரூபி அக்கா

ரூபி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் வந்தது. காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் போகும் தனியார் பஸ் அது. டிரைவரின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் அக்காவேதான் பாடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கைபேசியைப் பார்த்தார். டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்கள். பிறகு கண்டக்டர் எங்களைப் பார்த்து, "நம்ம ரூபியக்கா தவறிட்டாங்களாமுங்க" என்றார். வெளியே மூட்டமாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கடைகள் மெதுவாக மிதந்து போயின. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டியதுகூடத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் அழுகை வந்தது.

உங்களில் பலருக்கு அவரை மேடையில் தெரியும். மினுமினுக்கும் சட்டையும் கழுத்தில் சுற்றிய சிவப்புத் துணியுமாக அவர் நின்றால், பின்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலி மேல் ஏறிவிடுவார்கள். தமிழில் பாப் என்று ஒன்று உண்டா என்று கேட்டவர்களே பிறகு அவர் கேசட்டைத் தேடி அலைந்தார்கள். எனக்கு அவரை வீட்டில்தான் தெரியும். அவர் பாடியவற்றில் சிறந்ததையெல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவர எங்கள் ஆடியோ கம்பெனி முடிவு செய்தது. அதைத் தொகுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போதே அவருக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. அது தேறக்கூடிய நோயில்லை என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். "முழுசா ஒருக்கா கேட்டுப்போட்டுப் போறேன் அம்மணி, சீக்கிரம் முடிங்க" என்றுதான் எங்கள் முதல் சந்திப்பே தொடங்கியது.

சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் பார்த்த மாதிரி அவர் வீட்டு மாடி அறை. மதிய வேளைகளில் அங்கே உட்கார்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பாதிப் பாட்டில் தூங்கிப்போவார். விழித்ததும், "யாரு அம்மணி பாடுறது? பரவால்லையே!" என்பார். அவர்தான் என்று சொன்னால் வெட்கப்படுவார். ஊரே கொண்டாடிய பாட்டு ஒன்றை, "ஓடுச்சு, ஆனா நல்லால்ல" என்று ஒரே வரியில் ஒதுக்கினார். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார்.

எந்தப் பாட்டை ஒதுக்கினாலும் "தூறல் பாட்டு" என்று நாமெல்லாம் சொல்லும் அந்த முதல் பாட்டு மட்டும் தொகுப்பில் இருந்தே ஆகவேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. "அதைக் கடைசியில வெச்சுருங்க. மொதல்ல போட்டா மத்த பாட்டெல்லாம் பாவம்" என்றார்.

அந்தப் பாட்டு பிறந்த கதையை அவர் வாயாலேயே கேட்டேன். கணபதியில் அவருடைய மாமா மோட்டர் பம்ப் செய்யும் பட்டறை வைத்திருந்தார். சர்ச்சுக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையின் பின்னறையில் கழிவுப் பஞ்சு மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, அதற்குள் மைக்கை வைத்துப் பாடியிருக்கிறார்கள். மறுநாள் அனுப்ப வேண்டிய மோட்டர் ஒன்று பக்கத்து அறையில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மோட்டரை நிறுத்தச் சொன்னால் மூட்டையோடு வெளியே போய்விட வேண்டும். வேறு வழியில்லாமல் ரூபி அக்கா அந்த மோட்டரின் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டார். இரண்டாவது சரணம் வரும்போது பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள். அந்தக் காலத்துக் கரண்டு அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். மோட்டர் சத்தம் ஒரு நூல் இறங்கியது. அக்காவும் கூடவே இறங்கினார். கீபோர்டு வாசித்த டேவிட் அண்ணன் திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் குரலும் மோட்டர் முனகலும் மட்டும் இருக்கும். அந்த இறக்கம்தான் நம்மையெல்லாம் கிறங்கடித்தது. அதை அபூர்வமான சங்கதி என்று எழுதியவர்கள் உண்டு. "சங்கதியுமில்ல, ஒண்ணுமில்ல. அது கரண்டுங்க அம்மணி" என்று அக்கா சிரிப்பார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய ஸ்டுடியோக்களைப் பார்த்துவிட்டார். பழக்கம் மட்டும் போகவில்லை. வராந்தாவில் ஒரு மின்விசிறியைப் போடச் சொல்லி, கதவருகே நின்று சற்று நேரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாராம். ஒருமுறை அந்தியூர்ச் சந்தையில் கச்சேரி. குதிரைகள், மாடுகள், புழுதி, அத்தனை சனம். நடுவில் கரண்டு போய் ஜெனரேட்டர் போட்டார்கள். அதில் மேடை மின்விசிறியின் சத்தம் ஒரு நூல் கம்மி. அக்கா அதோடு இறங்கிப் பாட, வாத்தியக்காரர்கள் தடுமாறிப் போனார்கள். இறங்கி வந்ததும் டேவிட் அண்ணன் கோபித்துக்கொண்டாராம். அதற்குத் தான் சொன்ன பதிலை அக்கா எனக்கு இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். "கூட வர்றது எறங்குச்சுன்னா நாமளும் எறங்கிக்கோணும். தனியா மேல நின்னுட்டு என்ன பண்றது?"

இனி தொகுப்பு வேலையில் வந்த தகராறுக்கு வருகிறேன். சென்னையில் எங்கள் ஒலிப்பதிவு எஞ்சினியர் பிரவீன் பழைய டேப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்து அனுப்பினான். வேலையில் கெட்டிக்காரன். தூறல் பாட்டில் இருந்த இரைச்சலை வழித்தெடுத்துவிட்டு, இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்கிய இடத்தையும் நிமிர்த்தி வைத்திருந்தான். நான் ஆசையாகப் போட்டுக் காட்டினேன். அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மோட்டர் எங்க போச்சுங்க?"

விளக்கினேன். பாட்டை இன்னொரு தரம் கேட்டார். முகம் சின்னதாகிவிட்டது.

"இது நானில்லீங்க. என்ற பாட்டைப் போடறதுன்னா மோட்டரோட போடச் சொல்லுங்க. இல்லாட்டி எடுத்துப்போடுங்க."

கம்பெனியில் கேட்டால், அந்தப் பாட்டு இல்லாமல் தொகுப்பே வேண்டாம், பாட்டில் இரைச்சலும் வேண்டாம் என்றார்கள். அக்கா மனம் மாறவில்லை. அவர் உடம்போ வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. தொகுப்பு வெளிவராமல் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதை முழுசாக ஒரு தடவை கேட்காமலே அவர் போய்விடுவாரோ என்பதுதான் என் பயம்.

பிரவீனைக் கெஞ்சி கோயம்புத்தூருக்கு வரவழைத்தேன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்கு எல்லாரும் காதுக்குள் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள், அந்த முனகல் தலைவலி தரும் என்றான். அதற்குப் பதில் நல்ல தம்புரா சேர்க்கலாமே என்று கேட்டான். அக்கா மறுக்கவில்லை. "ஏனுங்க தம்பி, ஒருக்கா கணபதிக்கு வாங்க, அப்பறம் நீங்க சொல்றபடியே" என்றார்.

மாமா மகன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறார். அக்காவைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிப் பின்னறையில் உட்கார வைத்தோம். பக்கத்தில் ஒரு மோட்டரை ஓடவிட்டார்கள். இரும்பு வாசமும் எண்ணெய் வாசமுமாக இருந்தது. ஜன்னலில் விழுந்த வெயிலில் பஞ்சுத் துகள் மிதந்துகொண்டிருந்தது. அக்கா சற்று நேரம் சும்மா கேட்டார். பிறகு மெல்லப் பாட ஆரம்பித்தார். குரல் நூலாகத் தேய்ந்திருந்தது. ஆனால் மோட்டர் அதை ஏந்திக்கொண்டது. பிரவீன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடத்தில் அக்கா தன்னையறியாமல் இறங்கினார். மோட்டர் இறங்கவில்லை. அது அசையாமல் மேலேயே நின்றது. அவர் குரல் மட்டும் தனியே கீழே தொங்கியது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"கரண்டு இப்ப நல்லாயிருக்குதுங்க தம்பி. அதான் கெட்டுப்போச்சு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "நான் எறங்கீட்டேன். அது வரமாட்டீங்குது."

பிரவீன் எதுவும் வாதாடவில்லை. "பழசை அப்படியேதான் எடுத்து வச்சிருக்கேன் மேடம். கை வைக்காம போட்டுடறேன். கம்பெனிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றான். சொன்னபடியே செய்தான். அந்த ஒரு பாட்டுக்காக அவன் அங்கே யார் யாரோடு மல்லுக்கட்டினான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முழுத் தொகுப்பும் வந்த மதியம், அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பாட்டாக ஓடியது. இடையிடையே தூங்கினார், விழித்தார், ஒரு பாட்டுக்கு விரலால் மெத்தையில் தாளம் போட்டார். கடைசியில் தூறல் பாட்டு. குரல் வருவதற்கு முன்னால் மோட்டர் வந்தது. அக்கா கண்ணைத் திறக்காமல், "வந்துருச்சு" என்றார். நான் கிளம்பும்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவரோடு இருந்த கடைசி மதியம் அது.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். முற்றத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். கழுத்தில் அந்தச் சிவப்புத் துணி. சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டுகளைப் பாடி முடித்திருந்தார்கள். பெட்டியின் அடியில் இருந்த மோட்டர் மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. டேவிட் அண்ணன் பெட்டியருகே நின்றிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டாரோ என்னவோ, தூறல் பாட்டை மெல்ல எடுத்தார். வாத்தியம் இல்லை. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். தெருவில் நின்றவர்களும் பாடினார்கள். இரண்டாவது சரணத்துக்குப் போவதற்குள் கரண்டு போய்விட்டது.

பெட்டி நின்றது. பாட்டும் நின்றது. பெட்டி கொண்டுவந்தவர் வாசலுக்கு ஓடி ஜெனரேட்டரைப் போட்டார். ரீங்காரம் திரும்ப வந்தது, ஒரு நூல் கம்மியாக. அன்று அந்தியூரில் கோபித்துக்கொண்டவர்தான் முதலில் அதோடு இறங்கிப் பாடினார். அவர் பின்னால் நாங்கள் எல்லாரும் இறங்கினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

தொகுப்பு உங்கள் கைக்கு வரும். அது எல்லாருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இறக்கம் ஒன்றைத்தான். அவர் எழுந்து உட்கார்ந்து அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அது கரண்டுங்க அம்மணி."