இனிப்பை வாசலில் நிறுத்தியவர்

ஜமீலாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததால், “காப்பகத்துக்கு எப்போது வருகிறீர்கள்?” என்றே ஆரம்பித்தேன். பேசியது அவருடைய மருமகள். பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்.

பல் மருத்துவர் ஜமீலாவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்த எவரும் திட்டு வாங்காமல் எழுந்ததில்லை. இரங்கல் சுவரொட்டியில் அவரைக் கருணைக் கடல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பார்த்திருந்தால் கிழித்திருப்பார்.

இராமேஸ்வரத்தில் நாங்கள் சிலர் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு இனிப்பு வராத நாள் அபூர்வம். கடற்கரையில் திதி கொடுத்த கையோடு யாத்திரிகர்கள் பெட்டிகளுடன் வந்துவிடுவார்கள். முதல் விள்ளலைத் தம் கையாலேயே ஊட்டினால்தான் அவர்களுக்கு மனம் நிறையும். பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களோ கரிக்கட்டையாக இருந்தன. பால் பல்தானே, விழுந்துவிடும் என்றார் எங்கள் செயலாளர். “விழப்போற பல்லுக்கும் நரம்பு இருக்குல்ல?” என்றார் ஜமீலா. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு இனிப்பு கிடையாது, கஞ்சிதான் என்பது காப்பகத்தின் விதி. ஆகவே பல்வலியை எந்தப் பிள்ளையும் வெளியே சொல்லாது.

அப்படிச் சொல்லாமலிருந்தவள் ஏழு வயது முனீஸ்வரி. ஒருநாள் காலை, ஜமீலா பரிசோதனைக்கு வந்தபோது, அவளைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்திருந்தார்கள். தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கியிருந்தது. எச்சில் வழிந்தது. முன்கூடத்தில் மதுரைக்காரர் ஒருவர் தாயாரின் திதியை முடித்துவிட்டு ஜாங்கிரியுடன் நின்றிருந்தார். காப்பகத்துக்கு அரிசி அளப்பவர் அவர்.

“அவுக கிளம்புற வரைக்கும் பொறுங்க டாக்டரம்மா. பிள்ளைய இந்தக் கோலத்துல பார்த்தா என்ன நினைப்பாக?” என்று கெஞ்சினார் செயலாளர்.

“எச்சி முழுங்க முடியல இவளால. வீக்கம் மூச்சை அடைக்கப் போகுது. நீரு நினைப்பைப் பத்திப் பேசுறீரு.”

ஜமீலா முனீஸ்வரியைத் தூக்கிக்கொண்டு நேரே முன்கூடத்துக்குப் போனார். “ஊட்டணும்னா இவளுக்கு ஊட்டுங்க” என்றார் அந்த மனிதரிடம். முனீஸ்வரி ஜாங்கிரியைப் பார்த்தாள். வாயைத் திறக்க முயன்றாள். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அப்போதும் அவள் கண் ஜாங்கிரியை விட்டு நகரவில்லை.

“என்னை அசிங்கப்படுத்தத்தான் வரச் சொன்னீங்களா?” என்றார் அவர்.

“அசிங்கத்தை அப்புறம் பேசுவோம். காரைக் குடுங்க.”

அவர் அசையவில்லை. அவருடைய மனைவிதான் ஓட்டுநரிடம் தலையசைத்தார். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

பாம்பன் பாலத்தின் நடுவே சுற்றுலா வந்தவர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மடியில் முனீஸ்வரியின் மூச்சு விசில்போலக் கேட்டது. ஜமீலா இறங்கி ஓடி, கார்க் கதவுகளைக் கையால் தட்டித் தட்டி வழி உண்டாக்கினார். அவர் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே அச்சிட இயலாது. இராமநாதபுரம் மருத்துவமனையில் கீறிச் சீழை எடுத்தார்கள். முனீஸ்வரி பிழைத்தாள்.

அரிசி நின்றுபோயிற்று. நிர்வாகக் குழுவில் செயலாளர் அதற்கு விளக்கம் கேட்டார். ஜமீலா திருப்பிக் கேட்டார்: “அரிசி போச்சு, பிள்ளை இருக்கு. மாத்திப் போயிருந்தா எங்க போய் வாங்குவீரு?” இனிப்புப் பெட்டி வாசலைத் தாண்டக்கூடாது என்று அன்று முடிவாயிற்று. அதன் பிறகு சில மாதங்கள் தினம் ஒரு வேளை கஞ்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவரிடம் கனிவான சொல் எதையும் நான் கேட்டதில்லை. ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளவும் அப்படி ஒன்று இல்லை. கொடுக்க வந்தவரின் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே மறுக்கும் திராணி ஒன்று இருந்தது. அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அடக்கத்துக்கு மறுநாள் லட்டுப் பெட்டியுடன் ஒரு குடும்பம் வந்தது. சுண்டலாக வாங்கித் தாருங்கள் என்றேன். இது யார் போட்ட சட்டம் என்று கேட்டார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். இத்தனை காலம் டாக்டர் உத்தரவு என்று சொல்லித் தப்பித்து வந்தேன்.

“நான் போட்டது” என்றேன்.