கண்ணாடித் தாத்தாவுக்குப் பதினொரு அம்பு

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவின் உட்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அப்பா பேட்டர்ன் வெட்டியது போக மிஞ்சிய பழுப்பு அட்டை. அதில் உலகத்தின் மகா பியானோ மேதைகள் நான்கு பேரின் பெயர்களை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தோம். பெயர்கள் என்றால் பெற்றவர்கள் வைத்தவை அல்ல. அவை எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே வைத்துக்கொண்டவை: கண்ணாடித் தாத்தா, சிலை அண்ணன், சிவப்புக் கவுன் அக்கா, தலையாட்டி. நாங்கள் என்றால் நானும் அத்தையும். எனக்கு அப்போது பத்து வயது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வீரபாண்டியில் குடியேறியவர்கள். அப்பா ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா அங்கேயே ஓவர்லாக் மெஷினில். கம்பெனி கீழே, வீடு மேலே. அத்தை மட்டும் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த பனியனை வெள்ளை மேசையில் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அதன்மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்டருக்குப் போகும். அங்கே பிரித்துத் தைத்துச் சரிசெய்து அனுப்புவார்கள். ஆறு நாள் இந்த வேலை. ஏழாம் நாள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள்.

கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுக்கு ஏதோ தேடப் போனவளுக்கு, போன் தானாகவே ஒரு பியானோக் கச்சேரியைக் காட்டியது. அன்று பிடித்தது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொள்வோம். சுவரில் சாய்த்து வைத்த போனில் ஒரே இசையை நான்கு பேரும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். முழுவதையும் கேட்க மாட்டோம். அதன் கடைசியில் ஒன்றரை நிமிஷம் வரும் ஓர் இடம்தான் எங்கள் பரீட்சை.

அந்த இடத்தில் இடது கை இடப்பக்கக் கோடிக்கும் வலது கை வலப்பக்கக் கோடிக்கும் ஒரே நேரத்தில் தாவ வேண்டும். தாவிய வேகத்தில் நடுவுக்குத் திரும்ப வேண்டும். உடனே மறுபடியும் தாவ வேண்டும். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்க்க முடியாது என்பதால், எப்போதும் ஒரு கையாவது குருட்டாம்போக்கில்தான் போய் விழும். உலகத்தில் நல்ல நல்ல ஆட்களெல்லாம் கால் இடறுகிற இடம் அது.

அத்தைக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையில், ஆள் கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததை மட்டும்தான் கேட்க வேண்டும். இருமல் சத்தம் கேட்டால் அவளுக்குப் பரம சந்தோஷம். ரூமுக்குள் வாசித்துப் பதிவு செய்ததை அவள் சீண்டவே மாட்டாள். "அது ஆல்டர் பண்ணுன பீஸுட்டி. தப்பு வந்த இடத்த வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போட்டிருப்பாவ. இது அப்படியா? தாவுனா தாவுனதுதான்" என்பாள்.

தப்பைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்குக் காது கூர்மை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சிலை அண்ணன் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசிப்பார். ஆகவே அவரையே நான் அப்ரூவல் சாம்பிள் ஆக்கிக்கொண்டேன். சரக்கு வாங்கும் பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற பீஸ்களைப் பார்ப்பார்கள் அல்லவா, அதே முறை. அவர் வாசித்ததிலிருந்து எங்கே மாறினாலும் தப்பு. தப்புக்கு ஒன்று வீதம், அத்தை கொண்டுவந்த சிவப்பு அம்பை அட்டையில் அவரவர் பெயருக்கு எதிரே ஒட்டுவேன்.

தலையாட்டிக்கு ஏழு. சிவப்புக் கவுன் அக்காவுக்கு மூன்று. ஒவ்வொரு தாவலின் முடிவிலும் சூடான இட்லித் தட்டைத் தொட்டவள் போலக் கையை வெடுக்கென்று தூக்குவாள், பார்க்கவே அழகாக இருக்கும். சிலை அண்ணனுக்குப் பூஜ்யம். கண்ணாடித் தாத்தாவுக்குப் பதினொன்று. கிழவருக்கு எண்பது வயதாவது இருக்கும், நடந்து வருவதற்கே மேடையில் ஒருவர் கூட வருவார். ஆனால் அந்த இடம் வந்ததும் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியது போலப் பாய்வார். பாய்கிற வேகத்தில் தப்பும் தவறுமாக உதிரும். எனக்கு அவரைப் பார்த்தாலே பாவமாக இருக்கும்.

அத்தையோ அந்த நான்கு பேரில் தாத்தாவைத்தான் முதலில் வைத்திருந்தாள்! நான் துள்ளிக் குதித்தேன். பதினொரு அம்பு வாங்கியவருக்கு முதலிடம் என்றால் செக்கிங் எதற்கு, ஸ்டிக்கர் எதற்கு? அத்தை சண்டைக்கு வரவில்லை. சிலை அண்ணனை மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் விரலால் என் முட்டியில் தட்டிக் காட்டினாள். "இந்தா, இங்க ஒரு இமை நேரம் நிக்காரு பாரு. இடம் பாத்துட்டுத் தாவுதாரு. தாத்தா நிக்கவே மாட்டாரு." எனக்கு அதில் என்ன குறை என்று விளங்கவில்லை. பார்த்துத் தாவுவது நல்லதுதானே.

அத்தைக்கே அந்த இடத்தை வாசிக்க ஆசை வந்தது. சர்ச் கீபோர்டில் அறுபத்தோரு கட்டைதான். இரண்டு பக்கமும் தாவினால் கை கீபோர்டை விட்டு வெளியே போய் விழும். ஆகவே ஞாயிறு மதியம் கீழே கம்பெனி பூட்டிக் கிடக்கும்போது, அப்பாவின் நீளமான கட்டிங் டேபிளில், துணிக்கு மார்க் போடும் சாக்கட்டியால் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் வரைவாள். அளவை அவள் போனில் பார்த்துச் சொல்ல, அப்பாவே டேப் பிடித்துக் கொடுத்தார். அந்தச் சாக்கட்டிக் கோடுகளின் மேல் அத்தை தாவித் தாவிப் பழகினாள். சத்தம் வராது. விரல் கோட்டுக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நான் குனிந்து பார்ப்பேன். முடிந்ததும் அப்பா பனியன் வேஸ்ட்டால் துடைத்து வைப்பார், மறுநாள் துணி விரிக்க வேண்டும் அல்லவா.

நிஜமான பியானோ ஒன்று ஊரில் இருப்பது அத்தைக்குத் தெரியும். அவளுடைய முதலாளி ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரஸ்டி. அந்தப் பள்ளியின் அரங்கத்தில், வெளிநாட்டு பையர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பியானோ, உறை போட்டுப் பூட்டிக் கிடந்தது. ஞாயிறு மதியம் மட்டும் அதன் சாவி கிடைக்குமா என்று அத்தை சூப்பர்வைசர் மூலமாகக் கேட்டுவிட்டிருந்தாள். கம்பெனி ஆண்டு விழா அங்கேதான் நடக்கும், அன்று வாசிக்கட்டும், பிரின்சிபால் மேடம் கேட்டுவிட்டுச் சரி என்றால் சாவி கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அந்தச் சேதி வந்த அன்று அத்தை சோற்றில் உப்புப் போட மறந்தாள். இரண்டு நாள் கழித்து இரண்டு தடவை போட்டாள். அவள் வேறு எதற்கும் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை.

விழாவுக்கு முன்னால் நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். "அத்தை, ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால கொஞ்சம் நின்னு வாசிங்க. சிலை அண்ணன் மாதிரி. ஒரு டிபெக்ட்டும் வராது." அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முதலாளி, அவருக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் பிரின்சிபால் மேடம். தையல் அண்ணன்கள் இரண்டு பேர் சினிமாப் பாட்டுக்கு ஆடி முடித்ததும் அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அதுவரை நிஜ பியானோவைத் தொட்டதில்லை. முதல் கட்டையை அழுத்தியதும் கையை எடுத்து, ஆச்சரியமாக அதைப் பார்த்தாள். கீபோர்டு போல லேசாக இல்லை போலும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

அந்த இடம் வந்தது. அத்தை நிற்கவில்லை. ஒரு தாவலுக்கும் நிற்கவில்லை! முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், முதுகு வளைந்து நிமிர்ந்தது, இரண்டு கைகளும் இரண்டு திசையில் பறந்து போய் விழுந்தன. சாக்கட்டிக் கோடுகளில் நான் பார்த்த அதே கைகள்தான், ஆனால் இப்போது ஒவ்வொரு தடவை விழும்போதும் அந்தப் பெரிய அரங்கமே அதிர்ந்தது. நாற்காலிகளுக்கு நடுவே ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைகள் நின்றுவிட்டார்கள். என் அத்தை உலகத்திலேயே பெரிய ஆள் என்று நினைத்தேன். அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். அப்படி நினைத்துக்கொண்டே, கடமை தவறாமல், பையிலிருந்த அம்புகளை எடுத்துத் தப்புக்கு ஒன்றாக என் கவுன் கையில் ஒட்டிக்கொண்டே வந்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் அத்தை இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள். வேர்த்துக் கொட்டியது. முதலாளி பெரிய மனிதர், மரியாதைக்காரர், சின்னப் பிள்ளையையும் விசாரிப்பவர். என் பக்கம் குனிந்து, "அத்தை எப்படி வாசிச்சாங்க கண்ணு?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினேன். "அஞ்சு டிபெக்ட்டுங்க."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எத்தன பீஸ்ல அஞ்சு கண்ணு?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் தப்பை மட்டுமே எண்ணியிருந்தேன், சரியாக விழுந்தவற்றை எண்ணவில்லை. எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது தெரியலீங்க. நின்னு வாசிங்கன்னு நான் முன்னாடியே சொன்னேன், அத்தைதான் கேக்கல" என்றேன்.

முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டே பிரின்சிபால் மேடம் பக்கம் திரும்பினார். மேடம் என் கையிலிருந்த அம்புகளைப் பார்த்தார், அத்தையின் வேர்த்த முகத்தைப் பார்த்தார், பியானோவையும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மிகவும் இனிமையாக, "நல்லாத்தானுங்க வாசிச்சாங்க. இன்னுங் கொஞ்சம் பழகட்டும். அப்புறம் பாக்கலாங்க" என்றார். அத்தை கைகூப்பி, "சரிங்க மேடம்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களே! ஏறினவுடன் கண்டக்டரிடம் சொன்னேன், இறங்கினவுடன் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை வேறெங்கோ பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் என்னை அடுக்களைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, மார்க்கர் பேனாவை எடுத்து, நான்கு பெயர்களுக்கும் கீழே ஐந்தாவதாக 'நான்' என்று எழுதினாள். பிறகு என் கவுன் கையிலிருந்து ஒவ்வொரு அம்பாக உரித்து, எந்தத் தாவலில் வந்தது என்று கேட்டுக் கேட்டு அங்கே ஒட்டினாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஐந்தையும் ஒட்டி முடித்துவிட்டு, தள்ளி நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பு வாங்கியவள் இவ்வளவு சந்தோஷப்படுவானேன் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. போனால் போகட்டும் என்று ஆறுதல் சொன்னேன். அடுத்த தடவை நின்று வாசித்தால் எல்லாம் போய்விடும் என்றேன். "போயிரும்ட்டி. எல்லாமே போயிரும்" என்றாள்.

இப்போது நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாம்பிளில் குறை கண்டு எழுதி அனுப்புவதுதான் தொழில், சின்ன வயதில் வந்த பழக்கம் வீண் போகவில்லை. எப்போதாவது மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடித் தாத்தாவைப் போனில் ஓடவிடுவேன். அந்தப் பதினொரு தப்பும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இப்போது அவை வரும்போது அழுகை வருகிறது. விழுந்தாலும் பரவாயில்லை என்று பாய்கிற ஒருவரின் சந்தோஷம் அதில் இருக்கிறது. சிலை அண்ணன் ஒரு ஸ்வரம் கூடத் தவறுவதில்லை. அவரையும் மதிக்கிறேன். ஆனால் இரண்டாவது தடவை ஓடவிடுவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் இனிமையாக 'அப்புறம் பாக்கலாங்க' என்றால் என்ன அர்த்தம் என்பதும், வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்போது தெரியாது. விழாவுக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க, ஞாயிறு தவறாமல், "அத்தை, சாவி எப்பத் தருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குவேன். "கூப்பிடுவாவ" என்று சொல்லிக்கொண்டே அவள் சாக்கட்டியை எடுத்துக் கட்டிங் டேபிளின் மேல் குனிவாள். ஒரு தடவைகூட அவள் குரல் மாறியதில்லை. வரைந்து முடித்ததும் சரிபார்ப்பது என் வேலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரல் வைத்து எண்ணிக்கொண்டே போவேன். எண்பத்தெட்டும் சரியாக இருக்கும். ஒன்றுகூடக் குறையவில்லை அத்தை, பாஸ் என்று சொல்லிவிட்டு, அவள் வாசிப்பதைப் பார்க்க மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.