குளிர் பிளக்கும் என் கல்யாணமும்

போன வாரம் தம்பி மகன் தன் புதுக் காரை சர்வீசுக்கு விட்ட இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். வெள்ளைத் தரை, குளிர்சாதனம், குடிக்கக் காபி. எண்ணெய் நாற்றம் மருந்துக்குக்கூட இல்லை. பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி. "பிளக்கு எங்கேப்பா?" என்றேன். "அதெல்லாம் நாம பாக்க வேண்டியதில்ல பெரியப்பா" என்றான். நல்லது. நான் பார்த்து என்ன ஆனது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு மோட்டார் சாமான் கடையில் வேலை பார்த்தேன். கடையில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எந்த எஞ்சினுக்கு எந்த ஸ்பார்க் பிளக் என்று சொல்லும் அட்டவணை என் வசம் இருந்தது. ஆகவே நான் நிபுணன். மலை, பாரம், நெடுந்தூரம் என்று உழைக்கிற வண்டிக்குச் சூட்டைச் சட்டென்று இறக்கும் குளிர் பிளக். ஊருக்குள் மெல்ல உருளும் வண்டிக்குச் சூட்டு பிளக். முனை நன்றாகச் சுட்டால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும். அட்டவணையில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நானும் படித்தேன். படித்துவிட்டு, சேலத்து வெயிலைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று மூடி வைத்தேன். வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மோர், வெந்தயம், எண்ணெய்க் குளியல். எஞ்சினுக்கும் அதே சூட்டு உடம்புதானே! வந்த வண்டிக்கெல்லாம் குளிர் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி ஏற்காடு ஏறுகிற வண்டிகளுக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. பிறகு என்னைப் பிடிக்க முடியுமா?

ஜவுளி வியாபாரி பழனியப்பனின் காருக்கும் அதையே கொடுத்தேன். அவருடைய டிரைவர் மாரப்பன் திருச்செங்கோட்டுக்காரர். தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, நம்ம வண்டி ஊட்டுக்கும் கடைக்கும் உருள்றதோட செரி. இதுக்கு எதுக்குங்க குளிர் பிளக்கு? கரி அடைச்சுக்குமுங்க."

"நமக்கே மோர் தேவைப்படுது மாரப்பா, அதுக்கு வேண்டாமா?" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரப்பன் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்குக் கல்யாணம். பழனியப்பன் பெரிய மனதோடு கொடுத்த மாப்பிள்ளைக் கார் அதுவேதான். பெண் ரோசலி, ஊர் மேச்சேரிப் பக்கம்; கல்யாணமும் அங்கே மாதா கோயிலில்தான். கல்யாணத்துக்கு மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கல்யாணப் பூசையும் இல்லை என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெண்ணின் தாய்மாமனுக்கு, கடையில் திருகாணி எடுத்துக் கொடுக்கிறவன் மாப்பிள்ளையா என்று முதலிலிருந்தே இளக்காரம். கல்யாணம் நாற்பது நாள் தள்ளிப்போனால் அவர் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவார். இது எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்து உறவினர்களோ பேண்டு வாத்தியம் வைத்து, அதன் பின்னால் ஒரு மணி நேரம் காரை நடை வேகத்தில் ஊர்வலம் விட்டார்கள். பிளக்குகள் ஆற அமரக் கரி பூசிக்கொண்டன.

ஓமலூர் தாண்டியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. சாலையில் செம்மறியாட்டு மந்தை ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நிபுணன் நான் இருக்கும்போது மாரப்பன் எதற்கு? கோட்டைக் கழற்றி வைத்து, நாலு பிளக்கையும் நானே கழற்றித் தேய்த்து மாட்டினேன். இரண்டு மைலில் மறுபடி நின்றது. மறுபடி தேய்த்தேன். மூன்றாவது முறை நின்றபோது மணி பதினொன்று. அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன், அழுதேன்.

மாரப்பன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே பழைய சூட்டு பிளக்குகள் நான்கும் இருந்தன.

"வெச்சிருந்தனுங்க. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கல்லங்க."

அதற்குப் பிறகு வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

கோயிலுக்குள் நான் ஓடி நுழைந்தபோது தாய்மாமன் வாசல் பக்கம் எழுந்து நின்றிருந்தார். நற்கருணைக்காக முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த ரோசலி பீடத்துக்கு முன்னால் வாடிப்போய் நின்றாள். பூசை தொடங்கியது. தாலியை எடுக்கக் கையை நீட்டினேன். முழங்கை வரை கரி. வெள்ளைப் பட்டு உடுத்திய மணப்பெண், சம்மதம் சொல்வதைத் தவிர கோயிலில் வாய் திறக்கவே கூடாத மணப்பெண், தலையைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

சாமியாரே சிரித்துவிட்டார். தாய்மாமன் உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பது வருஷம் அந்த வாக்கியத்தைக் கேட்டேன். தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் கேட்டேன். கடை வேலையை விட்டு, கிரீஸைக் கண்ணால் பார்க்காத காலத்திலும் அவள் விடவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும், திருப்பிக் கத்தியும் இருக்கிறேன். அவள் போய் நான்கு வருஷமாகிறது. இப்போதெல்லாம் சில நாள் வேண்டுமென்றே கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்து பார்க்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.