வட்டம் போடாத இருபது வண்டிகள்

என் கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்காது. ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன், முதலாளி மகன் ஸ்பேனரைத் தப்பான அளவில் எடுத்ததைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்துத் தொலைத்தான். அன்றே வேலை போயிற்று. அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தவரை பழைய இரும்பு போட்டு வைத்திருந்தார். அவர் போனபிறகு எலி குடியிருந்தது. எலியைத் துரத்திவிட்டு இரண்டு இன்ஜினியர்கள் வந்து சேர்ந்தார்கள். கரன்ட்டில் ஓடும் ஸ்கூட்டர் செய்யப் போகிறார்களாம். ஒருவன் நெட்டை, இன்னொருவன் கண்ணாடி போட்டவன். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. இப்படி நாள் பூராவும் மூஞ்சியில் கிரீஸோடு நின்றால் எவள் வருவாள்?

கைவேலை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கொழுந்தனை அனுப்பினேன். முதல் நாள் அவன் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

"ஏன் அண்ணி, செத்த வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்றாங்க?"

"அண்ணே, அது ஆன்லதான் இருக்கு" என்றான் கண்ணாடி.

முதல் வண்டி தெருமுனை வரை ஓடிப் போயிற்று. திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது வண்டி மழையில் நனைந்து படுத்துக்கொண்டது. மூன்றாம் வருஷத்தில்தான் உருப்படியாக ஒன்று ஓடியது. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருபது வண்டி கேட்டது.

கொழுந்தனுக்குக் கடைசி வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியானால் முன் டயரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். வட்டம் இல்லாத வண்டி கொட்டகையைத் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தை வைத்தவன் கண்ணாடி. அதனால் கொழுந்தனுக்கே வட்டம் என்று பேர் வந்துவிட்டது.

இருபது வண்டியும் தயார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று பார்சல் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அது போனால் கொட்டகைக்கும் பூட்டுத்தான். கொழுந்தனுக்கு ஐம்பத்தைந்து வயசாகிவிட்டது. அவனை வேறு எவன் கூப்பிடப் போகிறான்?

புதன்கிழமை, ஒரு வண்டியைக் கழுவுவதற்காகத் தள்ளிக்கொண்டு வந்தான். பெட்ரோல் வண்டியைத் தள்ளிப் பழகிய கை, ஆக்சிலேட்டரைத்தான் பிடிக்கும். பிடித்தால் மணிக்கட்டு தானாகத் திரும்பும். சத்தம் இல்லாததால் அது ஆஃபில் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். வண்டி அவனை இழுத்துக்கொண்டு போய் என் குளியலறைக் கதவைப் பெயர்த்துப் போட்டது. நல்லவேளை, நான் உள்ளே இல்லை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அவன் முழங்காலைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு டயரிலும் வட்டம் இல்லை.

"என்னண்ணே இது? லாரி வந்துடும்ணே" என்றான் நெட்டை.

"வரட்டும். சும்மா திரும்பிப் போகட்டும்."

"நீங்க சாவிய ஆஃப் பண்ண மறந்தீங்க. அது வண்டியோட தப்பா?"

"தப்பே பண்ணாத ஆளாப் பாத்துத்தான் வண்டி விப்பியா? அப்ப நீ ஒரு வண்டிகூட விக்க முடியாது, தம்பி."

நெட்டைக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்பீஸைப் பிடுங்கித் தானே ஒரு டயரில் வட்டம் போட்டான். கொழுந்தன் தோள் துண்டை எடுத்து அதை அழித்தான். நெட்டை மறுபடி போட்டான். இவன் மறுபடி அழித்தான். கல்யாணமாகாத ஒன்றும் பேரன் எடுத்த ஒன்றும் அடித்துக்கொள்கிற லட்சணம். நான் டீத் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

காலையிலிருந்தே கொழுந்தன் பேட்டரி வந்த பெட்டிகளின் பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் இடுப்பளவு அடுக்கிக்கொண்டிருந்தான். கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குப் பார்சல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நெட்டை காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். கொழுந்தன் மெதுவாகச் சொன்னான்:

"தம்பி, வண்டி வழியில நிக்குது, அத கொஞ்சம் ஓரமா தள்ளி விடு."

நெட்டை போனை இடது கைக்கு மாற்றி, பேச்சை விடாமல் வலது கையால் ஆக்சிலேட்டரைப் பிடித்து வண்டியைத் தள்ளினான். அது விருட்டென்று பாய்ந்து மெத்தைக் குவியலுக்குள் போய்ச் சொருகி நின்றது. மேலே அவன் குப்புறக் கிடந்தான். போனில் "ஹலோ, ஹலோ" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சாவி ஆன்ல இருந்துச்சாண்ணே?" என்று மெத்தைக்குள்ளிருந்து கேட்டான்.

"நீதானே வண்டிக்கு அப்பன். உனக்கே தெரியலையே."

கண்ணாடிதான் போனை எடுத்து, திங்கட்கிழமை தருவோம், முன்னால் முடியாது என்றான். அந்தப் பக்கம் கண்டபடி திட்டினார்கள். கடைசியில் பத்து வண்டி போதும், மீதிப் பத்து வேண்டாம் என்று முடித்தார்கள்.

பிரேக்கை ஒருமுறை பிடித்தால்தான் வண்டி நகரும்படி கண்ணாடி கம்ப்யூட்டரில் மாற்றினான். ஆன் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வரும்படி கொழுந்தன் சின்னதாக ஒன்றைப் பொருத்தினான். திங்கட்கிழமை காலை பத்து டயரிலும் வட்டம் இருந்தது. மீதிப் பத்து விற்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நெட்டை அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் போகச் சொல்லவில்லை.

அப்புறம் எங்கள் கொட்டகைக் கம்பெனி பெரிய கட்டடத்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டது. நெட்டையும் கண்ணாடியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். கொழுந்தன் அறுபது வரை வேலை பார்த்தான். கடைசி நாளில் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடவில்லை, அவனே சரி செய்தான்.

என் பெரிய பேத்தி இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். சாக்பீஸெல்லாம் கிடையாதாம், எல்லாம் திரையில்தானாம். வண்டி வெளியே போகும் முன் கடைசியாக ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அதற்குப் பேர் வட்டம்.

"ஏன் அந்தப் பேருன்னு அங்க யாருக்கும் தெரியல பாட்டி" என்றாள்.

நான் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன், அன்று பெயர்ந்ததற்குப் பதிலாக மாட்டிய குளியலறைக் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"அமுக்கறதுக்கு முன்னாடி பாக்கறாங்களா, இல்லையா? அதக் கேளுங்க அண்ணி."